ஏழுமலையின் வண்டிக்கு அடித்தகடு

வண்டி வாங்குகிறவர்கள் மேல்பக்கத்தைப் பார்த்து மயங்குவார்கள். அடிப்பக்கத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கென்றே பிறந்தவன் மெக்கானிக்.

பழவேற்காடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் எனக்கொரு இருசக்கர வாகனப் பட்டறை இருக்கிறது. தையல் கடையோ, மருந்துக் கடையோ, ஜெராக்ஸ் கடையோ வைத்துக்கொண்டு, வருகிறவர்கள் நமக்கே நம் தொழிலைக் கற்றுக்கொடுக்கும்போது "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டிப் பழகியவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். போன கோடையில் ஒரே ஒரு அடித்தகடு கட்டப்போய் நான் அனுபவித்ததைச் சொல்கிறேன்.

அடித்தகடு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காடு மேடு ஏறுவதற்கென்று செய்த ஆஃப்ரோடு பைக்குகளில் இன்ஜினின் அடிவயிறு திறந்தே கிடக்கும். கல்லோ கட்டையோ குத்தினால் இன்ஜினின் கூடான கேஸிங் பிளந்து ஆயில் முழுவதும் கொட்டிவிடும். அப்படிக் குத்தாமல் இருக்க இன்ஜினுக்குக் கீழே கட்டுகிற தகடு அது. ஸ்கிட் பிளேட் என்பது கம்பெனி வைத்த பெயர். எங்கள் ஊரில் வாயில் வருவது அடித்தகடுதான்.

மூன்றாவது ஒட்டு கிடையாது

ஏழுமலை லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர். அப்பா, தாத்தா, பெரியப்பா எல்லோரும் கடலிலேயே கிடந்தவர்கள். இவருக்கு மட்டும் படகில் கால் வைத்த அரைமணி நேரத்தில் குடல் வாய்க்கு வந்துவிடும். மாத்திரை, எலுமிச்சம்பழம், கையில் மந்திரித்த கயிறு எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு சீசன் முழுக்கப் போனார். மற்றவர்கள் வலை இழுக்க, இவர் படுத்துக்கொண்டே கரை வந்து சேர்ந்தார். அதிலிருந்து குப்பத்தில் அவருக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் அவர் மனைவி தேவகியின் அண்ணன் முனுசாமி.

கடலை விட்ட ஏழுமலை நண்டைப் பிடித்துக்கொண்டார். தோணிரேவில் ஏரி நண்டு வாங்கி, கூடையில் ஈரச் சாக்குப் போட்டு மூடி, ஆரம்பாக்கத்தில் நிற்கும் மொத்த வியாபாரியின் வண்டியில் சேர்ப்பார். நண்டு உயிரோடு போய்ச் சேர வேண்டும். ரோட்டு வழி ரொம்பச் சுற்று. கோடையில் ஏரி வற்றியதும் காய்ந்த சேற்றின் மேல் ஓரமாகவே போய்விடலாம் என்பதற்காகத்தான், கல்யாணம் நிச்சயமாகி ஞானோதயம் பெற்ற ஒரு சென்னைப் பையனிடமிருந்து பழைய ஆஃப்ரோடு பைக் ஒன்றை வாங்கினார். ஆனால் வற்றிய ஏரி லேசுப்பட்டதல்ல. தண்ணீர் இருந்தபோது வலை கட்டுவதற்கு ஊன்றிய கழிகள் ஒடிந்து, அடித்துண்டுகள் மட்டும் சேற்றுக்குள் நட்டுக்கொண்டு நிற்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்படி இரண்டு முறை கேஸிங் பிளந்தது. இரண்டு முறையும் வெல்டிங் வைத்து ஒட்டினேன். ஒட்டின மேல் ஒட்டு நிற்காது, மூன்றாவது தடவை என்னால் முடியாது என்று சொல்லியும் விட்டேன்.

அதைக் கேட்டு ஏழுமலை தேவகியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். இனி ஒரு தடவை இன்ஜின் போனால் வண்டியைத் தலைமுழுகிவிட்டு மச்சான் படகில் ஏறிவிடுவதாக. சொல்லும்போதே அவர் முகம் வெளிறியது. முனுசாமியின் ஃபைபர் படகில் கொஞ்ச நாளாக ஒரு ஆள் குறைகிறது. அதனால் ஏழுமலை வண்டி என் பட்டறைக்கு வரும்போதெல்லாம், பின்னாலேயே முனுசாமியும் வந்து, துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் சிரிப்பை அடக்குகிறவர் மாதிரி நின்றுகொண்டிருப்பார். இரண்டாவது ஒட்டு வைத்த அன்றைக்கு அடக்கவும் இல்லை.

"எத்தினி வாட்டிதான் ஒட்டுவ நீ? வண்டிய எடைக்குப் போட்டுட்டு மாப்ளய என்னாண்ட அனுப்பு. போட்டுல படுக்கறதுக்கு நல்லா எடம் கீது."

டீக்கடையில் நடந்த ஆலோசனைக் கூட்டம்

சரி, ஒட்டுவதை விட்டுவிட்டுக் குத்தாமல் தடுப்போம், அடித்தகடு ஒன்று கட்டுவோம் என்று நான் சொன்னதுதான் தாமதம். பக்கத்துக் கடை காசிம் பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு இரும்புக்குக் கட்சி கட்டினார். "இரும்புதான் மஜ்பூத், கெட்டியா நிக்கும்" என்றார். நான் அவர் கடை ஷட்டரின் கீழ்ப்பக்கத்தை விரலால் தட்டினேன். உப்புக் காற்றில் ஊறிய இரும்பு, டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்து விழுந்தது. பாய் உடனே கட்சி மாறி நீல டிரம்முக்குப் போனார். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் ஊரில் கிடைக்கிற டிரம் மெல்லிசு. சைலன்சர் சூட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் இருந்தால் வடகம் மாதிரி வளைந்துவிடும்.

முனுசாமி ஃபைபர் என்றார். அவர் படகே ஃபைபர், அதற்கு விழுகிற ஓட்டை உடைசலை அவரே பிசின் தடவி ஒட்டிக்கொள்வார், கைத்தொழிலே அது. ஆனால் படகு தண்ணீர் மேல் போகிறது. வேகமாகப் போய்க் கழியில் மோதினால் ஃபைபர் சில்லுச் சில்லாகப் போகும். இப்படி ஒவ்வொன்றையும் கழித்துக்கட்டி, கடைசியில் நாலு எம்எம் அலுமினியத் தகடு என்று நான் தீர்ப்புச் சொன்னேன். எடை கம்மி, துரு கிடையாது, அடி வாங்கினால் நசுங்குமே தவிர உடையாது. ஏழுமலை பாடத்தைக் கேட்கிற பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் "சரிண்ணா" என்றார்.

அந்த நேரம் பார்த்து மார்க்கெட்டிலிருந்து காலிக் கூடையோடு தேவகி வந்து நின்றார். மொத்தக் கூட்டமும் அவருக்கு மறுபடி ஒரு தடவை விளக்கிச் சொன்னது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு அந்த அம்மா சொன்னது இது.

"அலுமினியத்துல சோறு ஆக்கினாலே அடி புடிச்சிக்குது. அதும்மேல இன்ஜின வக்கிறேன்றீங்களே, இன்னா தைரியம்ணா உங்களுக்கு!"

கொஞ்சம் இயற்கையாக

தகடு வாங்குவது சுலபம். எந்த அளவில் வெட்டுவது, எங்கே மடிப்பது என்பதுதான் கேள்வி. அதற்குத் தெய்வம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சென்னையிலிருந்து ஒரு இளைஞரை அனுப்பி வைத்தது. ஏழுமலை வண்டி எந்த மாடலோ அதே மாடல், ஆனால் புத்தம் புதுசு. அவர் உடம்பிலும் முழங்கால், முழங்கை, முதுகு, மார்பு என்று எல்லா இடத்திலும் கவசம். ஹெல்மெட்டில் ஒரு கேமரா, வண்டியில் ஒரு கேமரா. இணையத்தில் வரவழைத்த கறுப்பு நிற அடித்தகடு ஒன்றைப் பெட்டி பிரிக்காமல் கொண்டுவந்திருந்தார். அதைக் கட்டித்தரச் சொன்னார். அதற்குமுன் ஒரு மணி நேரம் அட்டையில் வைத்து வரைந்துகொள்கிறேனே என்று கேட்டேன். நல்ல பையன், தாராளமாக என்று சொல்லிவிட்டு மீன் சாப்பாட்டுக்குப் போனார். நானும் ஏழுமலையும் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, ஓரம், மடிப்பு, ஓட்டை எல்லாவற்றையும் பேனாவால் எடுத்துக்கொண்டோம்.

தகட்டைக் கட்டி அனுப்பினேன். லைட்ஹவுஸ் வரைக்கும் தார் ரோட்டிலேயே போய், அதே தார் ரோட்டில் திரும்பி வந்தார். வந்தவர் வண்டியைச் சாய்த்துப் பிடித்து அடியில் பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் ஏதோ குறை. என்ன தம்பி, லூஸாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். கீறலே விழவில்லையாம். பழவேற்காட்டில் பயங்கரமான பாதையில் ஓட்டினேன் என்று வீடியோ போடப் போகிறாராம், கண்ணாடி மாதிரி தகடு மின்னினால் யார் நம்புவார்கள்? சுத்தியலால் நாலு இடத்தில் தட்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

பக்கத்தில் குந்தியிருந்த ஏழுமலையைப் பார்த்தேன். ஒரு கீறல் விழாமல் இருக்கக் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டிருக்கிற மனுஷன். வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இருந்தாலும் வாடிக்கையாளர் ஆயிற்றே, நமக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறென்ன தெரியும்? சுத்தியலை எடுத்து ஓங்கி ஒன்று வைத்தேன். பையன் குனிந்து பார்த்து, திருப்தியில்லாமல் உதட்டைப் பிதுக்கினார்.

"இது அடிச்ச மாதிரியே தெரியுதுண்ணா. கொஞ்சம் நேச்சுரலா அடிங்க, ப்ளீஸ்."

யார் படிப்பதற்கு?

அட்டை அளவை வைத்துத் தகட்டை வெட்டினேன். எங்கள் ஊரில் தகடு மடிக்கிற மெஷின் கிடையாது. கிரில் வேலை செய்கிறவரிடம் போய், ஒரு தடிமனான குழாய் மேல் வைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி வளைத்தோம். இன்ஜினுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டேன், அடிபட்டால் தகடு நசுங்குவதற்கு இடம் வேண்டும். ஆயில் மாற்றும் போல்ட்டுக்கு நேராகப் பெரிய ஓட்டை ஒன்று. உள்ளே போகிற சேறும் உப்புத் தண்ணீரும் வடிவதற்குச் சின்ன ஓட்டைகள் ஆறு. போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஸ்எஸ். அதுவும் அலுமினியத்தோடு நேரடியாகத் தொட்டால் உப்புத் தண்ணீரில் அரித்துவிடும் என்று ரப்பர் வாஷர் வைத்து, கிரீஸ் தடவி முறுக்கினேன். இவ்வளவு பக்குவமாக நான் என் சொந்த வண்டிக்குக்கூடச் செய்தது கிடையாது.

வேலை முடிந்தது என்று கையைத் துடைத்தபோது, ஏழுமலை பையிலிருந்து சின்ன பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்தார். தகட்டின் வெளிப்பக்கத்தில், அதாவது தரையைப் பார்த்த பக்கத்தில், 'கங்கையம்மன் துணை' என்று எழுத வேண்டுமாம். படகுக்குப் பெயர் எழுதாமல் தண்ணீரில் தள்ளுகிற வழக்கம் குப்பத்தில் யாருக்கும் கிடையாது. வண்டிக்கு மட்டும் எப்படி விடுவது? அப்படியானால் டேங்க் மேல் எழுதுங்கள், நம்பர் பிளேட்டில் எழுதுங்கள், அடியில் எழுதினால் எவன் படிப்பான் என்று கேட்டேன். மல்லாந்து படுத்துக்கொண்டு, நாக்கை ஓரமாகக் கடித்தபடி, ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டே பதில் சொன்னார்.

"மேல கீறவங்களால எனக்கு ஒண்ணும் ஆவலண்ணா. கீழ கீதே கழி, அது படிக்கட்டும்."

அடி வழவழப்பாக இருந்தால்

ஒரு வாரம் எந்தச் செய்தியும் இல்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். எட்டாம் நாள் வண்டி ஒரு மினி வேனில் படுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. முன்பக்கத்து இரண்டு போல்ட்டும் கிளாம்ப்போடு பிய்ந்து, தகடு நாக்குத் தொங்குவது மாதிரி தொங்கியது. கழிதான் குத்திவிட்டது, இன்ஜின் போயிற்று, அடுத்த நாளே அந்த மனுஷன் படகில் குப்புறப் படுத்துக்கொண்டு போகப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்ஜினில் கீறல்கூட இல்லை.

நடந்தது இதுதான். தோணிரேவுக்குப் பக்கத்தில், காய்ந்தது மாதிரி தெரிந்த இடத்தில் வண்டி பின்சக்கரம் வரை இறங்கிவிட்டது. ஏழுமலை குரல் கொடுத்ததும் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஏழெட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். உதவி செய்வதில் எங்கள் பக்கத்து ஆட்களைக் குறை சொல்லவே முடியாது. நாமெல்லாம் என்ன செய்வோம்? வண்டியைத் தூக்குவோம், சக்கரத்துக்கு முன்னால் பலகை வைப்போம். அவர்கள் குனிந்து பார்த்தார்கள். அடியில் வழவழவென்று வளைந்த தகடு தெரிந்தது. பிறந்ததிலிருந்து அடி வழவழப்பான எதையும் கயிறு கட்டி இழுத்தே கரையேற்றிப் பழகியவர்கள். தகட்டில் கயிற்றைக் கோத்து, வண்டியைச் சாய்த்துப் போட்டு, படகை ஏற்றுவது போலவே ஒரே மூச்சில் முப்பதடி இழுத்துக் கரை சேர்த்துவிட்டார்கள். அன்றைக்குச் சரக்கு போகவில்லை. கூடையிலிருந்த நண்டெல்லாம் செத்துவிட்டது. முனுசாமிக்கு எப்படியோ அதற்குள் செய்தி போய், அடுத்த திங்கட்கிழமை மாப்பிள்ளை வருகிறார் என்று படகு ஆட்களிடம் அறிவித்தும் விட்டார்.

கிளாம்ப்பை மாற்றி, இந்த முறை இரட்டை நட்டுப் போட்டு முறுக்கினேன். வேனோடு துணைக்கு வந்திருந்த தோணிரேவுக்காரரிடம், ஐயா, இனிமேல் தயவுசெய்து தகட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், அது இழுப்பதற்கு இல்லை என்று கும்பிட்டுச் சொன்னேன். அவருக்கு அது நியாயமாகவே படவில்லை.

"இழுக்கறதுக்கு இல்லன்னா அப்பால இன்னாத்துக்கு நைனா அத்த படகாட்டம் வளச்சி வச்ச?"

ஏழு ஓட்டை

பதினைந்து நாள் நன்றாகவே ஓடியது. நண்டு உயிரோடு போகிறது, ஏழுமலை விசில் அடித்துக்கொண்டு என் கடையைக் கடக்கிறார். பிறகு ஒரு நாள் காலை, வண்டி ரொம்பச் சூடாகிறது, ஏதோ நாற்றம் வருகிறது என்று கொண்டுவந்து நிறுத்தினார். ஆயிலை மாற்றிப் பார்ப்போம் என்று கீழே படுத்து, ஆயில் போல்ட் ஓட்டையைத் தேடினேன். ஓட்டையைக் காணோம். தண்ணீர் வடிகிற ஆறு ஓட்டையையும் காணோம். கங்கையம்மன் மட்டும் துணைக்கு இருந்தாள். ஒரு நிமிஷம் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஓட்டை போட்டேனா, போட்டதாகக் கனவு கண்டேனா?

கையால் தடவிப் பார்த்தபோது புரிந்தது. ஏழு ஓட்டையும் ஃபைபர் இழைத் துணி வைத்து, பிசின் ஊற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே படகுக்கு அடிக்கிற நீலப் பெயிண்ட்டும் அடித்து, அவ்வளவு அழகாக அடைத்திருந்தது. தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு குண்டான் உப்புச் சேறு. அதற்குள் கூடையிலிருந்து நழுவி விழுந்த குட்டி நண்டு ஒன்று, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு என்னை முறைத்தது. இன்ஜினின் அடிவயிறு நாள்கணக்கில் ஊறுகாயாகிக்கொண்டிருந்திருக்கிறது. காற்றுப்படாமல் சூடும் ஏறியிருக்கிறது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பழைய வெல்டிங்கில் அரித்து, ஆயில் ஒழுகி, கதை முடிந்திருக்கும். கழி செய்ய முடியாததை ஒரு டப்பா பிசின் செய்து முடித்திருக்கும்.

குப்பத்தில் இந்த வேலையை இவ்வளவு அழகாகச் செய்கிற கை முனுசாமியுடையது ஒன்றுதான். ஏழுமலைக்கே தெரியாமல் முந்தின ஞாயிற்றுக்கிழமை செய்திருக்கிறார். ஆள் குறைகிறதென்று வேண்டுமென்றே வண்டியைக் கெடுக்கப் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சொல்லி அனுப்பினேன். முனுசாமி வந்தார். நடுரோடு என்றும் பார்க்காமல், வாடிக்கையாளர் என்றும் பார்க்காமல், வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். எப்போதும் சிரிக்கிற மனுஷர் சிரிக்கவில்லை. கழற்றி வைத்த தகட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அவர் சொன்ன பதிலைக் கேட்டதும் கத்தியதற்கு வெட்கமாக இருந்தது.

"அடில ஏழு ஓட்டைய வச்சிகினு ஒருத்தன் ஏரிக்குள்ள எறங்கறான். பாத்துகினு சும்மா கீறதா? என் தங்கச்சி வூட்டுக்காரன்யா அவன்."

ஆரம்பாக்கத்தில் ஒருவரைப் பார்க்க

ஓட்டைகளைத் திறந்தேன். கேஸிங்கைக் கழுவி, காய வைத்து, பழைய ஒட்டைச் சுரண்டிப் பார்த்தேன். தப்பித்திருந்தது. இருந்தாலும் முனுசாமிக்கு மனசு ஆறவில்லை. ஓட்டைத் தகட்டை நம்பி மாப்பிள்ளையை அனுப்ப முடியாது, நானே ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், சரியில்லையென்றால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மறுநாளே படகுக்கு வர வேண்டும் என்று நிபந்தனை போட்டார். ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் போல்ட்டுகளை இன்னொரு முறை முறுக்கிப் பார்த்தேன். வேறென்ன செய்ய முடியும்? மறுநாள் விடிந்ததும் இரண்டு பக்கமும் நண்டுக் கூடை, நடுவில் கடல் ராஜா மாதிரி முனுசாமி உட்கார்ந்து போனார்கள். எனக்கு அன்று காலை ஒரு ஸ்பார்க் பிளக்கைக்கூட ஒழுங்காக மாட்ட வரவில்லை. போகிற ஒவ்வொரு பஸ்ஸையும் வேனையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதினொரு மணிக்கு ஏழுமலை வந்தார். தனியாக வந்தார். பின்சீட்டு காலி. அவர் இறங்கி, வண்டியைச் சுவரில் சாய்த்து, கீழே கை காட்டினார். தகட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம். பாதி வழியில், சேற்றுக்குள் நின்ற ஒரு கழியின் மேல் முழு வேகத்தில் ஏறிவிட்டாராம். துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தமாம். வண்டி ஆளுயரம் எகிறி, இரண்டு சக்கரமும் தரைக்கு வந்து, ஆடி, நின்று, மறுபடி ஓடியிருக்கிறது. நான் படுத்துப் பார்த்தேன். பள்ளம் இன்ஜினைத் தொடுவதற்கு ஒரு நூல் இடைவெளி இருந்தது. ஒரு சொட்டு ஆயில் இல்லை. ஆரம்பாக்கத்தில் கூடையைப் பிரித்தபோது ஒரு நண்டுகூடச் சாகவில்லையாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அலுமினியத் தகட்டுக்காகக் கலங்கினேன் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள்.

மச்சான் எங்கே என்று கேட்டேன். சத்தம் கேட்டதிலிருந்து ஆரம்பாக்கம் போகிற வரை மனுஷர் ஏழுமலையின் இடுப்பைக் கட்டிப் பிடித்த பிடியை விடவே இல்லையாம். போய்ச் சேர்ந்ததும், "நீ போ மாப்ள, எனக்கு இங்க ஒருத்தரப் பாக்கணும்" என்றாராம். ஆரம்பாக்கத்தில் அவருக்கு ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது. சாயங்காலம் நாலு மணிக்கு, பஸ் மாறி பஸ் ஏறி, என் கடைக்கு எதிரில் வந்து இறங்கினார். காசிம் பாய் கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். தட்டி நிமிர்த்துவதற்காக நான் கழற்றி வைத்திருந்த தகட்டை மடியில் எடுத்து வைத்து, அந்தப் பள்ளத்தை உள்ளங்கையால் ரெண்டு மூணு தடவை தடவினார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"கடல்ல என்ன சுத்தி நாலு பேரு கீறாங்க. இவன் தெனம் ஒண்டியா இதும்மேல போயிகினு கீறான். இவனப் போயி பயந்தாங்கொள்ளின்னேன் பாரு. நான் வேற ஆளு பாத்துக்கறேன், அவன் வண்டிலயே போவட்டும். நீயே சொல்லிடு அவனாண்ட. நான் சொன்னா தலக்கனம் ஏறிடும்."

இன்ஜினைக் காப்பாற்ற ஒரு தகடும் நாலு போல்ட்டும் போதும் என்று எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவான், ஓட்டுகிறவன் மேல் அக்கறை வைத்திருக்கிற சொந்தபந்தங்களிடமிருந்து அதைக் காப்பாற்ற என்ன கட்ட வேண்டும் என்பதைத்தான் எந்தக் கம்பெனியும் இதுவரை அச்சடித்துக் கொடுக்கவில்லை.